நட்ட செடிகள் கணக்கில் வருமா?

ஹவாயின் ஓவாஹு தீவில், மேற்கே நீளும் வயானே மலைத்தொடரின் ஓடைப் பள்ளங்களில் சையனேயா சுப்பர்பா என்னும் செடி வளர்ந்து வந்தது. கிளைவிடாத ஒற்றைத் தண்டு. உச்சியில் பப்பாளியைப் போல விரிந்த இலைக்கொத்து. அரை மீட்டரைத் தாண்டும் நீண்ட இலைகள். அவற்றின் அடியில் சரமாகத் தொங்கும் வெண்ணிறப் பூக்கள். கிழக்கேயுள்ள கூலாவ் மலைத்தொடரில் வாழ்ந்த அதன் துணையினம் முன்பே மறைந்துவிட்டது. வயானேயில் தானாக முளைத்து நின்ற கடைசிச் செடியும் 2002இல் பட்டுப்போனது. ஆனால், அதற்கு முன்பே சேர்த்து வைத்த விதைகளிலிருந்து நாற்றுகள் வளர்க்கப்பட்டதால், இன்றும் அதே பள்ளங்களில் இந்தச் செடிகள் நிற்கின்றன. அவை பூக்கின்றன, காய்க்கவும் செய்கின்றன.

அப்படியானால் இந்த இனம் பிழைத்துவிட்டது என்று கொள்ளலாமா? பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் இதில் கறாரான ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறது: காட்டில் மறுபடியும் நடப்பட்ட செடி, பிழைத்து வளரக்கூடிய சந்ததியை உண்டாக்கிய பிறகுதான் முதிர்ந்த செடிகளின் கணக்கில் சேரும். முதிர்ந்த செடிகள் ஐம்பதுக்கும் குறைவாக இருந்தாலே ஓர் இனம் 'மிக அருகிய' நிலையில் வைக்கப்படுகிறது. ஆகவே நூற்றுக்கணக்கில் நட்டு வளர்த்திருந்தாலும், அவற்றின் அடியில் தானாக ஒரு நாற்றும் எழுந்து நிற்கவில்லையென்றால், பட்டியலைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை. முதலில் இது எனக்கு அநியாயமாகவே பட்டது. அந்த நாற்றுகளுக்கு என்ன நேர்கிறது என்று படித்த பிறகு, இதைவிட நேர்மையான கணக்கு இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

முதலில் எலிகள். சையனேயாவின் காய் சதைப்பற்றுள்ளது; பழுத்தால் ஆரஞ்சு நிறம் கொள்ளும். கப்பல்களில் வந்திறங்கிய கறுப்பெலி தண்டில் ஏறிப் பழத்தைத் தின்கிறது, உள்ளே இருக்கும் விதைகளையும் மென்று அழிக்கிறது. வயானேயிலுள்ள காஹானாஹைக்கி பள்ளத்தாக்கில் பெரிய அளவில் எலிப்பொறிகளை வைத்து, பொறி வைக்காத பக்கத்துப் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொறி வைத்த இடத்தில் பழ இழப்பு வெகுவாகக் குறைந்தது.

எலிக்குத் தப்பி முளைத்தாலும் ஓடில்லா நத்தைகள் காத்திருக்கின்றன. ஹவாயின் காடுகள் ஓடில்லா நத்தைகளே இல்லாமல் உருவானவை. இன்று அங்கே இருப்பவை யாவும் வெளியிலிருந்து வந்தவை. இரவில் ஊர்ந்து வந்து, இரண்டு விதையிலை மட்டும் விட்டிருக்கும் நாற்றைத் தண்டோடு தின்றுவிட்டுப் போகின்றன. காலையில் பார்த்தால் அங்கே ஒரு செடி முளைத்திருந்ததற்கான தடயமே இருக்காது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இவை சையனேயா சுப்பர்பா நாற்றுகளின் பிழைப்பு வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன என்று காட்டியது. அதுவரை பன்றியையும் ஆட்டையும் தடுக்க வேலி போடுவதுதான் பெரிய வேலையாகக் கருதப்பட்டது. பன்றி தோண்டிப் போட்ட மண்ணைக் கண்ணால் பார்க்க முடியும். தின்னப்பட்ட நாற்றைப் பார்க்க முடியாது. இத்தனை காலம் இது கவனத்துக்கு வராமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு மருந்து இருக்கிறது. இரும்பு பாஸ்பேட் கலந்த இரையைத் தூவினால் ஓடில்லா நத்தைகள் குறைகின்றன. சிக்கல் என்னவென்றால், அதே மலைகளில் அக்காட்டினெல்லா என்னும் மரநத்தைகளும் வாழ்கின்றன. ஓவாஹுவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அவையும் அழிவின் விளிம்பில்தான் இருக்கின்றன. ஒன்றைக் காப்பாற்றத் தூவும் இரை மற்றொன்றைக் கொன்றுவிடக் கூடாது என்பதால், அவை இருக்கும் இடங்களில் இதைப் பயன்படுத்த முடியாது.

இன்னோர் இழப்பையும் சொல்ல வேண்டும். சையனேயா பேரினத்துச் செடிகளின் வளைந்த குழல் பூக்கள், வளைந்த அலகுடைய தேன்குடிப் பறவைகளோடு இணைந்து உருவானவை. 1826இல் ஹவாயின் மாவி தீவிலுள்ள லஹைனாவில் வந்திறங்கிய கொசுக்களும், பின்னர் அவை பரப்பிய பறவை மலேரியாவும் அந்தப் பறவைகளைத் தாழ்நிலங்களிலிருந்து துடைத்தெறிந்தன. கொசு எளிதில் ஏறாத குளிர்ந்த உயரங்களில்தான் அவை இன்று பெரும்பாலும் எஞ்சியுள்ளன. வயானேயின் மிக உயர்ந்த சிகரமான காலாவே 1,227 மீட்டர்தான் என்பதால், அந்த மலைகளில் பறவைகளுக்குப் பாதுகாப்பான உயரம் என்று அதிகம் இல்லை.

அதே மலைத்தொடரைச் சேர்ந்த சையனேயா பின்னாட்டிஃபிடாவின் கடைசிக் காட்டுச் செடி 2001இல் மடிந்தது; திசு வளர்ப்பில் உண்டாக்கிய கன்றுகள்தான் மிச்சம். காவாய் தீவில் 1991இல் கண்டறியப்பட்ட சையனேயா குஹிஹேவா 2003இல் காட்டிலிருந்து அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 2017இல் எட்டாத ஒரு பள்ளத்தாக்கில் மீண்டும் தென்பட்டது. இப்படிப்பட்ட கண்டுபிடிப்புச் செய்திகளை நானும் மகிழ்ச்சியோடுதான் படிக்கிறேன். ஆனால் அவை ஓர் இனத்தின் நிலையைப் பெரிதாக மாற்றுவதில்லை. எலிப்பொறியை வாரம் தவறாமல் சரிபார்ப்பதும் வேலியில் விழுந்த மரத்தை அகற்றுவதும் செய்தியாவதில்லை, அவற்றுக்கு நிதியும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே, இத்தகைய ஓர் இனம் மீட்கப்பட்டதாக இனி எங்கேனும் படித்தால், எத்தனை கன்றுகள் நட்டார்கள் என்பதைத் தாண்டி, நட்டவற்றின் விதையில் முளைத்தவை எத்தனை, அவற்றுள் பூக்கும் வயதை எட்டியவை எத்தனை என்று தேடிப் பார்ப்பேன். பல அறிக்கைகளில் முதல் எண் தலைப்பிலேயே இருக்கிறது. மற்ற இரண்டையும் உள்ளே தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.