டாலர் 46

போன மாதம் நெய்வேலியிலிருந்து என் மைத்துனன் வந்திருந்தான். முப்பது வருஷம் பாய்லர் பக்கமே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். மும்பையில் எங்கள் செம்பூருக்கு வந்தால் முதலில் செட்டாநகர் முருகன் கோவில், அப்புறம் எங்கள் கட்டட மொட்டை மாடி. மாடியிலிருந்து டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அத்தான், இதுக்குக் கரி எங்கிருந்து வருது?"

இந்தோனேசியாவிலிருந்து, கப்பலில் என்றேன்.

"கரியக் கூட கப்பல்ல வாங்கித்தான் எரிக்கிறீங்களா!"

அவன் சிரிக்கலாம். அவன் ஊரில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, அதிலிருந்து ஒரு நகரமே முளைத்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. எடையில் கிட்டத்தட்ட பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் எரிக்க வேண்டும். அதை ரயிலில் ஏற்றினால் தண்ணீருக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டியதுதான். அதனால் சுரங்கத்தை ஒட்டியே ஆலையைக் கட்டி, கன்வேயர் பெல்ட்டில் கரியை நேராக உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். லாரி, கப்பல், டாலர் எதுவும் கிடையாது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த கேள்வி. "கேஸ்தான் சுத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப ஏன் கேஸ் பிளான்ட் எல்லாம் சும்மா கிடக்கு?"

நான் நாற்பது வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.

உள்நாட்டு நிலக்கரி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் வேண்டும். சுரங்க வாசலில் டன் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருள் செலவு யூனிட்டுக்கு 1 ரூபாய் 30 காசு. அதே கரி ஆயிரம் கிலோமீட்டர் ரயிலில் போய் டன் 4,000 ஆகிவிட்டால் 2 ரூபாய் 60 காசு. கேஸை எடையில் விற்பதில்லை, வெப்பத்தில் விற்கிறார்கள். எம்எம்பிடியு (பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு) என்பது அதை அளக்கும் படி. நல்ல கம்பைன்டு சைக்கிள் ஆலை, அதாவது கேஸ் டர்பைனின் கழிவுச் சூட்டில் நீராவி டர்பைனையும் ஓட்டும் ஆலை, ஒரு எம்எம்பிடியுவில் 130 யூனிட் எடுக்கும். டாலர் 85 ரூபாய், ஒரு எம்எம்பிடியு கேஸ் 6 டாலர் என்றால் யூனிட்டுக்கு 3 ரூபாய் 90 காசு. கேஸ் 12 டாலர் ஆனால் 7 ரூபாய் 85 காசு.

"6 டாலருக்குக் கிடைக்காதா?"

கிடைக்கும், நம் அடுப்புக்கு. உள்நாட்டுப் பழைய எரிவாயு வயல்களில் எடுக்கும் கேஸுக்கு 2023 ஏப்ரலில் ஆறரை டாலர் உச்சவரம்பு வைத்தார்கள். அந்த கேஸ் முதலில் குழாய் வழியாக வீடுகளுக்கும், சிஎன்ஜி வண்டிகளுக்கும் போகிறது. மின் நிலையத்தின் முறை வரும்போது பெரும்பாலும் மிஞ்சுவது கப்பல் கேஸ். கத்தாரிலோ வேறெங்கோ மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் கொண்டுவந்து, இங்கே மறுபடி வாயுவாக்கி, குழாயில் தள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் கை நீட்டுவார்.

கேஸ் ஆலையைக் கட்டுவது மலிவு, சீக்கிரமும் முடியும். சாம்பல் கிடையாது, கரியமிலவாயு பாதிதான் வரும். ஆனால் தீனிச் செலவு தாங்காது. கரி ஆலை இதற்கு நேர் எதிர். யாருடைய மின்சாரத்தை முதலில் வாங்குவது என்பதை மெரிட் ஆர்டர் என்ற வரிசை தீர்மானிக்கிறது. எரிபொருள் செலவு குறைந்தவர் முன்னால் நிற்பார். கேஸ் பெரும்பாலும் கடைசியில். 2024-ல் நாட்டில் 25,000 மெகாவாட் அளவுக்கு கேஸ் ஆலைகள் இருந்தும், சமீப வருஷங்களில் மொத்த மின்சாரத்தில் அவற்றின் பங்கு நூற்றுக்கு மூன்றைத் தொடவில்லை. 2024 மே 30 அன்று நாட்டின் தேவை இரண்டரை லட்சம் மெகாவாட்டைத் தொட்ட அந்தக் கோடையில், கேஸ் ஆலைகளை ஓட்டத் தயாராக இருக்கும்படி அரசு உத்தரவு போட்டது. கரி பாய்லரைப் போல் சூடேற்றிக் காத்திருக்காமல் சட்டென்று கிளப்பலாம் என்பதால், நெருக்கடி நாளில் மட்டும் கேஸ் நினைவுக்கு வருகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரிந்துகொண்டது. தானே–பேலாப்பூர் ரோட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு 2010-ல் சொந்தமாக மின்சாரம் தயாரிக்க ஒரு கேஸ் எஞ்சின் வாங்கச் சொல்லிக் குறிப்பு எழுதியவனே நான்தான். எங்களுக்குக் கிடைத்த கேஸ் விலை 8 டாலர், அன்று டாலர் 46 ரூபாய். அந்த எஞ்சின் ஒரு எம்எம்பிடியுவுக்கு 105 யூனிட் தரும். யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய் என்றால் வெளியிலிருந்து வாங்குவதைவிட நிச்சயம் லாபம். எம்.டி. ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். எஞ்சின் வந்து இறங்கியபோது தேங்காய் உடைத்தோம்.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கம், ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அவர்கள் அணு உலைகளை நிறுத்திவிட்டு, கிடைத்த கேஸ் கப்பலையெல்லாம் தங்கள் பக்கம் இழுத்தார்கள். ஆசியா முழுக்க விலை ஏறியது. 2013-ல் ரூபாயும் சரிந்தது. எங்கள் கேஸ் 16 டாலர், டாலர் 62 ரூபாய். அதே எஞ்சினிலிருந்து வந்த யூனிட் ஒன்பதரை ரூபாய். மெஷினில் ஒரு போல்ட் கூடத் தேயவில்லை, ஆனாலும் தார்ப்பாய் போட்டு மூடினோம். மழைக்காலத்தில் அதன்மேல் பூனை குட்டி போட்டது.

பெரியவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள் என்று அவனிடம் சமாதானம் சொன்னேன். இதே மகாராஷ்டிரத்தில், தாபோலில் என்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி கட்டிய ஆலையின் முதல் 740 மெகாவாட் 1999-ல் நாப்தா என்ற பெட்ரோலிய எண்ணெயில் ஓட ஆரம்பித்தது, கேஸ் அப்புறம் வரும் என்று. கணக்கெல்லாம் டாலரில். இரண்டே வருஷத்தில் மாநில மின்வாரியம் வாங்குவதையே நிறுத்திவிட்டது.

"அப்ப கரிதான் ஜெயிச்சுது" என்றான்.

உன் கரி ஜெயித்தது, கப்பல் கரி இல்லை என்றேன். குஜராத்தில் முந்த்ராவில் இருக்கும் 4,000 மெகாவாட் ஆலை இறக்குமதிக் கரியை நம்பிக் கட்டியது. விலை ஏறியதும் 2021-ல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஜனவரியில் இந்தோனேசியா கரி ஏற்றுமதிக்கே சில வாரம் தடை போட்டது. கப்பலில் ஏறிவிட்டால் கரிக்கும் கேஸ் புத்தி வந்துவிடுகிறது.

அவன் விடவில்லை. அந்த 2010 குறிப்பின் நகல் இருக்கிறதா என்றான். பரணில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாய்லர் லாக் புக் படிப்பவன் மாதிரி வரிவரியாகப் படித்தான். கேஸ் விலை ஒரு டாலர் ஏறினால் என்ன ஆகும், இரண்டு ஏறினால் என்ன ஆகும் என்று அட்டவணையே போட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

"எல்லாம் சரி அத்தான். பத்து வருஷக் கணக்குல பத்து வருஷத்துக்கும் டாலர் 46-னே போட்டிருக்கீங்களே?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.