எம்.ஆர்.ஐ.யும் சைக்கிள் டெஸ்டும்: ஃபாலட் ஆபரேஷன் ஆனவர்கள் கவனத்துக்கு

நான்கு வயதில் ஃபாலட் டெட்ராலஜி என்ற, நான்கு குறைபாடுகள் சேர்ந்து வரும் பிறவி இதய நோய்க்கு எனக்கு ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் ஆனது. இப்போது வயது 29. வருடா வருடம் எக்கோ எடுத்து, "நல்லா இருக்கீங்க" என்று கேட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த முறை புது டாக்டர் விடவில்லை. ஆபரேஷனில் நுரையீரல் வால்வை (இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் இருப்பது) அகலப்படுத்தியதால் அது காலம் முழுக்க லீக் ஆகும், அந்த ரத்தம் திரும்ப வந்து வலது கீழறை விரியும், நெஞ்செலும்புக்குப் பின்னால் கோணலாக இருக்கும் அந்த அறையை எக்கோவில் சரியாக அளக்க முடியாது என்று சொல்லி, கார்டியாக் எம்.ஆர்.ஐ.யும் சி.பி.இ.டி.யும் (உழைக்கும்போது இதயமும் நுரையீரலும் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்க்கும் டெஸ்ட்) எழுதிக் கொடுத்தார்.

எம்.ஆர்.ஐ.க்குப் போன இடத்தில் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். "நெஞ்சுல கம்பி இருக்கா மேடம்? அப்ப ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியில லெட்டர் வாங்கிட்டு வாங்க." அந்த ஆஸ்பத்திரியில் கேட்டால், அவ்வளவு பழைய கேஸ் ஷீட்டையெல்லாம் அழித்துவிட்டார்களாம். அரை நாள் லீவு போனதுதான் மிச்சம். நெஞ்செலும்பைக் கட்டும் ஸ்டீல் கம்பி எம்.ஆர்.ஐ.க்குத் தடையே இல்லை. பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் உடம்பில் இருந்தால் தனியாக விசாரிக்க வேண்டும். கவுன்ட்டரில் வாதாடாதீர்கள், ரேடியாலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். என் டாக்டர் இரண்டு வரி எழுதித் தந்தார், கூடவே ஒரு மார்பு எக்ஸ்ரே. அவ்வளவில் முடிந்தது. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இருந்தால் இன்றே போட்டோ எடுத்து இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள்.

ஸ்கேன் சிரமமில்லை. கிட்னி நன்றாக இருப்பதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட்டைக் காட்டி, படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஊசியில் போட்டுக்கொண்டு, சொன்னபோதெல்லாம் மூச்சை விட்டு அடக்கிப் படுத்திருந்தேன்.

ரிப்போர்ட்தான் அழ வைத்தது. இடது கீழறைக்கு எல்லா எண்ணும் இருந்தது. எதற்காகப் போனேனோ அந்த வலது கீழறைக்கு ஒரே வரி: "மிதமாக விரிந்துள்ளது." டாக்டர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவுன்னு தெரியாம நான் என்னம்மா முடிவு பண்றது?" நல்லவேளை, ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பிறவி இதய நோய் பார்க்கும் இன்னொரு ரேடியாலஜிஸ்ட் அதே படங்களிலிருந்து கணக்கிட்டுத் தந்தார். ரத்த ஓட்டத்தைப் பார்த்து லீக்கை நேராக அளக்கும் ஃப்ளோ படத்தை எடுக்கவே இல்லையாம். எனக்கு வேறு ஓட்டையோ லீக்கோ இல்லாததால், இரண்டு கீழறைகளும் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் வித்தியாசத்தை வைத்து அவர் லீக்கைக் கண்டுபிடித்தார். எல்லோருக்கும் இப்படி அமையாது. அதனால் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வலது கீழறை விரியும்போதும் சுருங்கும்போதும் உள்ள கொள்ளளவு, உடல் பரப்பளவுக்குக் கணக்கிட்டது, நுரையீரல் வால்வு லீக் எத்தனை சதவீதம். உயரம், எடை கேட்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினால் நீங்களே சொல்லுங்கள், அது இல்லாமல் இந்தக் கணக்கு வராது.

எனக்கு வந்தது விரியும்போது சதுர மீட்டருக்கு 138 மில்லி, சுருங்கும்போது 72, லீக் 38 சதவீதம். பொதுவாக 160, 80 என்ற அளவுகளை நெருங்கும்போதுதான் வால்வு மாற்றுவதைப் பற்றித் தீவிரமாக யோசிப்பார்களாம். அதுவும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் சி.பி.இ.டி.

அதிலும் ஒரு கூத்து. சீட்டில் சி.பி.இ.டி. என்று தெளிவாக இருந்தும் ஒரு லேபில் டி.எம்.டி. என்ற டிரெட்மில் டெஸ்டுக்கு பில் போட்டார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்." ஒன்றில்லை. டி.எம்.டி.யில் ஈ.சி.ஜி.யும் பி.பி.யும்தான் பார்ப்பார்கள். சி.பி.இ.டி.யில் முகத்தில் மாஸ்க் மாட்டி, நாம் இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். மாஸ்க்கோ வாயில் வைக்கும் குழாயோ இல்லையென்றால் அது சி.பி.இ.டி. இல்லை. நான் விவரம் கேட்பதற்குள் பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. சற்று நேரத்திலேயே டெக்னீஷியன் தம்பி பயந்து நிறுத்திவிட்டான். "அக்கா, ஈ.சி.ஜி. அகலமா வருது, இறங்கிடுங்க." அது ரைட் பண்டில் பிளாக், அதாவது இதயத்தின் வலப்பக்கத்துக்கு மின்துடிப்பு தாமதமாகப் போவது. இந்த ஆபரேஷன் ஆன பெரும்பாலோருக்கு இருப்பது, எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. பழைய ஈ.சி.ஜி. ஒன்றைக் கையோடு கொண்டுபோய் முதலிலேயே காட்டிவிடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவில் மெஷின் இருந்தது. இதயப் பிரிவில் கேட்டு இல்லையென்றால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். சைக்கிளில் உட்கார வைத்து நிமிடத்துக்கு நிமிடம் பாரத்தை ஏற்றினார்கள். தொடை எரிந்தது. அங்கிருந்த சிஸ்டர், "இன்னும் கொஞ்சம்மா, விட்டுடாத" என்று பக்கத்திலேயே நின்றார். முழு முயற்சி போட்டோமா என்பதற்கு ஆர்.இ.ஆர். என்று ஓர் எண் உண்டு (விடும் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும் ஆக்சிஜனால் வகுத்தது), 1.1-ஐத் தாண்ட வேண்டும். எனக்கு 1.14. அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கிலோவுக்கு நிமிடத்துக்கு 24 மில்லி. என் வயதுப் பெண்ணுக்கு எதிர்பார்ப்பதில் 70 சதவீதம். மூன்று மாடி ஏறுகிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்தே உடம்பு குறைவாக உழைத்துப் பழகிவிட்டதால் நமக்கு வித்தியாசம் தெரியாது என்றார் டாக்டர். வால்வு இப்போது வேண்டாம். ஆனால் நடக்க வேண்டும், வேகமாக. இதயத் துடிப்பு 120 வரை போகலாம் என்று டெஸ்ட்டைப் பார்த்தே எழுதித் தந்தார். பள்ளியில் பி.டி. பீரியட் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார வைக்கப்பட்ட எனக்கு, ஓர் எண்ணோடு வந்த முதல் அனுமதி அது.

அடுத்த முறையும் சைக்கிளிலேயே எடுக்கச் சொல்லியிருக்கிறார். டிரெட்மில்லில் எடுத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும், அதை முன்னேற்றம் என்று நம்பிவிடக் கூடாது. நீங்களும் எந்த முறையில் எடுத்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டின் மேலேயே குறித்து வையுங்கள்.