இரண்டு புள்ளி உதைக்கிறது

செட்டிநாட்டுக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் கோழி வறுவலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடிக்குப் போனது கூடைப்பந்துக்காக. ஆட அல்ல, கணக்கு எழுத. கல்லூரி நாள்களில் என் உயரத்தைப் பார்த்துவிட்டு அணியில் சேர்க்க மறுத்தார்கள். மேசைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

தங்கியது கானாடுகாத்தானில், நண்பனின் பூர்வீக வீட்டில். ஒரு தெருவில் நுழையும் முகப்பிலிருந்து அடுத்த தெருவில் முடியும் பின்கட்டு வரை நடப்பதே ஒரு காலை உலா. மறுநாள் காலை ஆத்தங்குடிக்குப் போனோம். அங்கே தரை ஓடு செய்யும் கொட்டகையில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். தரையில் நாம் பார்க்கும் பளபளப்பு அந்தக் கண்ணாடி விட்டுப்போனது. வண்ணம் ஊற்றிய கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாலையில் ஆட்டம். கல்லூரி மைதானம், சிமெண்ட் தரை, சுற்றிலும் செம்மண். அதிகாரபூர்வத் தாளை எழுத வேறொருவர் இருந்தார். முதல், மூன்றாம் கால் பகுதிகளுக்குச் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கு நீலம். கூடை விழுந்தால் ஒரு சாய்கோடு, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி எறிதலான ப்ரீ த்ரோ என்றால் ஒரு பொட்டு, மூன்று புள்ளி எறிதல் என்றால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி வட்டம். என் வேலை அதற்கு அடுத்த கட்டம். யார் எத்தனை முறை எறிந்தார், எத்தனை விழுந்தது, தவறி வந்த பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட், அசிஸ்ட், பந்தைப் பறிகொடுத்தது என்று ஆளுக்கு ஒரு வரி. ஆட்டம் நாற்பது நிமிடம்தான். ஆனால் நாற்பது நிமிடமும் தலை நிமிராமல் இருக்க முடியாது, குனிந்தே இருக்கவும் முடியாது. அந்த அவஸ்தை மேசைக்காரர்களுக்கு மட்டும் புரியும்.

ஆட்டம் முடிந்து கூட்டிப் பார்த்தால், வென்ற அணியின் ஆட்டக்காரர்களுடைய புள்ளிகள் பலகையில் இருந்த மொத்தத்தைவிட இரண்டு குறைவு. காலையில் கொடுத்தால் போதும் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முகப்பில் நண்பனின் ஐயா, அதாவது தாத்தா, உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தெட்டு. பதினாறு வயதில் பினாங்கில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கிக்கு, தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகப் போனவர். “என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறது?” என்றார். சொன்னேன். “இரண்டு உதைக்கிறதா? அப்படியென்றால் சாப்பாடு அப்புறம்” என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

கூடைப்பந்து என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. தாளின் கட்டங்களைத்தான் கேட்டார். பழகுவதற்காகப் பெரிய கணக்கு ஒன்றை அலைபேசியில் காட்டினேன். 2012 நவம்பர் 20, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரின்னல் கல்லூரிக்காக ஜாக் டெய்லர் என்ற மாணவர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தார். 108 முறை எறிந்து 52 விழுந்தன. அதில் மூன்று புள்ளி எறிதல் 71-க்கு 27. ப்ரீ த்ரோ பத்துக்கு ஏழு. ஐயா வாய்க்குள்ளேயே கூட்டினார்: “இருபத்தேழு மூன்று எண்பத்தொன்று. மிச்சம் இருபத்தைந்து, இரண்டிரண்டாக ஐம்பது. ஏழு சேர்த்தால் நூற்று முப்பத்தெட்டு. ஐந்தொகை சரி.” பிறகு, “அசிஸ்ட் என்று ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறதே, அது என்ன?”

“கூட ஆடுகிறவருக்குப் பந்து கொடுத்து அவர் கூடை போட்டால் இவர் பெயரில் ஏறுவது, ஐயா.”

“கொடுக்கலே இல்லாமல் வாங்கல் மட்டுமா!” என்று உண்மையாகவே அதிர்ந்தார்.

எதிரணியிலும் ஒருவர் 44 எறிதலில் 70 புள்ளி எடுத்தார் என்றேன். ஐயா விடவில்லை. “இவனுக்கு நூற்றெட்டு முதல் போட்டு நூற்று முப்பத்தெட்டு. அவனுக்கு நாற்பத்து நான்கு போட்டு எழுபது. வட்டி அவனுக்குத்தானே கூடுதல்? பின் ஏன் தோற்றான்?”

179-க்கு 104 என்று தோற்றார்கள். நல்ல கேள்வி, புள்ளிப் பட்டியலைப் படிக்கும் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. கூடைப்பந்தில் பந்து மாறி மாறி வருவதால் இரு அணிக்கும் வாய்ப்புகள் ஏறக்குறையச் சமம். பந்தைப் பறிப்பதாலும், தன் அணி தவறவிட்டதைத் தானே ரீபவுண்ட் எடுப்பதாலும்தான் ஒரு பக்கம் கூடுதலாக எறிய முடியும். கிரின்னலின் ஆட்டமே அதுதான். மைதானம் முழுக்க நெருக்கிப் பந்தைப் பிடுங்குவது, ஆட்களை ஐந்தைந்தாக மாற்றிக்கொண்டே இருப்பது, கிடைத்த மாத்திரத்தில் மூன்று புள்ளிக்கு எறிவது. நடுவே எதிரணிக்குச் சுலபமாக ஒரு கூடை போனாலும் கவலையில்லை. பந்து சீக்கிரம் திரும்பி வந்தால் போதும்.

“வட்டி குறைவு, சுழற்சி வேகம்” என்று ஐயா தலையாட்டினார். நான் பத்து நிமிடம் விளக்கியது அவருக்கு நான்கு சொல். அந்த 138-ஐ நான் பெரிய சாதனையாக நினைப்பதில்லை என்றேன். தவறிய எறிதல் மட்டும் ஐம்பத்தாறு. ஐயா அதற்கு ஒப்பவில்லை. “முதலாளி போடச் சொன்னால் போடுவான்.”

பிறகு என் தாளுக்கு வந்தோம். கால் பகுதி கால் பகுதியாகப் பிரித்துக் கூட்டச் சொன்னார். உதைத்தது மூன்றாவதில். அப்போதுதான் நினைவு வந்தது. ரீபவுண்டுக்கு எழும்பிய பையன் ஒருவன் பந்தைத் தட்டப் போய்த் தன் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டான். எதிரணிக்கு இரண்டு புள்ளி. எறிந்தவர் என்று அந்த அணியில் யாரும் இல்லாததால் நான் யார் வரியிலும் எழுதவில்லை.

“ஆள் இல்லாத வரவு. அனாமத்தில் வைத்தாயா?”

எங்கள் தாளில் அனாமத்துக் கணக்கே கிடையாது. விதிப்புத்தகத்தைத் தேடிப் படித்தேன். தெரியாமல் சொந்தக் கூடையில் போட்டால், அப்போது களத்தில் இருக்கும் எதிரணித் தலைவரின் பெயரில் எழுத வேண்டும். வேண்டுமென்றே போட்டால் செல்லாது. இவ்வளவு வருடத்தில் எனக்கு வாய்க்காத விதி.

“தலைவன் அந்தப் பந்தைத் தொட்டானா?”

“பக்கத்திலேயே இல்லை, ஐயா.”

“நல்ல உத்தியோகம்” என்று சிரித்தார். இரண்டை எழுதினேன். மொத்தம் நேரானது. தாளை மடிக்கப் போனவனைத் தடுத்து, திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடவைத்தார். நேரத்தையும் எழுதச் சொன்னார். பத்து நாற்பது. வளவிலிருந்து ஆச்சி, வெள்ளைப் பணியாரம் ஆறிப்போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று மூன்றாவது தடவையாகக் குரல் கொடுத்தார்.