கோப்பியா, தேயிலையா?

சனிக்கிழமை பின்னேரங்களில் இலங்கை மலையகத் தோட்டமொன்றில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி வைப்பேன். இந்த வாரம் கேட்டது: "நம்ம முன்னோர் முதல்ல எந்தப் பயிருக்காக இந்த மலைக்கு வந்தாங்க?"

பதினொரு பேரும் ஒரே குரலில், "தேயிலை, சேர்!"

விடை கோப்பி. இங்கே முதலில் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதே 1867இல்தான். அதற்குப் பல வருடம் முந்தியே நம்மவர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்து சேர்ந்துவிட்டார்கள். 1869இல் கோப்பி இலையைத் தாக்கும் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இருபது வருடத்துக்குள் கோப்பி அநேகமாக ஒழிந்தே போனது.

பிள்ளைகள் நம்பவில்லை. லயத்துக்குப் பின்னால் அப்பாயி வளர்க்கும் கோப்பி மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் வட்டவட்டமாகச் செம்மஞ்சள் தூள். தொட்ட விரலில் ஒட்டியது. "இதுதான் சேர் அந்த நோயா?" இதேதான்! ஒரு தேசத்தின் பயிரையே மாற்றிய தூள்.

இலங்கையின் மிக உயர்ந்த மலை எது என்ற கேள்விக்கும் பாதிப்பேர் சிவனொளிபாதமலை என்றார்கள். அது 2,243 மீற்றர், பீதுருதாலகால 2,524.

கடைசியில் சின்னவள் ஒருத்தி அந்த இலையைக் கேட்டு வாங்கிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.