கும்பிடுபூச்சிக்குத் தீனி

உடுமலைப் பக்கம் ஓர் ஒட்டுண்ணி உற்பத்திக் கூடத்தில் 4 வருசம் வேலை பார்த்தேன். கரும்பில் இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவி வளரும் முட்டைகளைக் காகித அட்டையில் ஒட்டித் தயாரிக்கிற இடம். அந்த ஒட்டுண்ணியைக் கார்சைரா என்ற அந்துப்பூச்சியின் முட்டைக்குள்தான் வளர்ப்போம். அந்துக்குத் தீனி உடைத்த கம்பு. தட்டுக்கு 2.5 கிலோ கம்பு, கொஞ்சம் நிலக்கடலைப் பொடி, ஈஸ்ட், பேன் பிடிக்காமலிருக்க நனையும் கந்தகம். 40 நாள் போல ஆனால் மூடித்துணியின் அடியில் சாம்பல் நிற அந்துகள் வந்து உட்காரும். பிடிக்கும்போது செதில் பறக்கும். முகக்கவசம் போடாமல் உள்ளே போனால் ராத்திரி முழுக்கத் தும்மல்தான்.

அந்த நாளில்தான் எங்கள் கிளுவை வேலியில் ஒரு கும்பிடுபூச்சி முட்டைக்கூடு கிடைத்தது. அம்மிச்சி அதைத் தயிர்கடைப் பூச்சி என்பார். பாட்டிலில் வைத்திருந்தேன், ஒரு காலையில் எறும்பு மாதிரி பொலபொலவென்று குஞ்சுகள் தொங்கின. அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயைப் பிடித்துப் போட்டேன். ஒன்றையொன்று தின்றது போக மூன்று மிஞ்சின.

அவை விரல் நீளம் வந்ததும் ஈ போதவில்லை. அட்டை வாங்க வருகிற ஒருவரின் தக்காளித் தோட்டத்தில் வெட்டுக்கிளி நிறைய இருந்தது. பிடிக்கும்போதே கேட்டேன். "மருந்தடிச்சு நாலு நாளாச்சுங்க தம்பி, வாசமே போயிருச்சு" என்றார். பெரியதாகப் பார்த்து ஒன்றைப் போட்டேன். தலையிலிருந்து ஆரம்பித்து ருசித்துத் தின்றது. சாயங்காலம் முன்னங்கால் நடுங்கியது, குச்சியிலிருந்து விழுந்தது, விடிவதற்குள் போய்விட்டது. செடிக்குள் ஊடுருவும் மருந்து வாசம் போன பிறகும் இலையில் இருக்கும். இலையைத் தின்றதன் வயிற்றிலும் இருக்கும். 'அட்டை கட்டினால் ஒரு வாரத்துக்கு மருந்தடிக்காதீங்க' என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு தோட்டத்துப் பூச்சி எதையும் தொடுவதில்லை. எருக்கஞ்செடியில் இருக்கும் மஞ்சளும் நீலமுமான வெட்டுக்கிளி பார்க்க எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேண்டாம். எருக்கின் நஞ்சை அது உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கும். துவரைப் பூவில் மேயும் கொப்புள வண்டும் அப்படித்தான், கையில் நசுங்கினாலே கொப்புளம். இரண்டாவதை இழந்தது சுவர்க்கோழியால். தோலுரிக்கப் போகிற பூச்சி தின்னாமல் தலைகீழாகத் தொங்கும். அதைச் 'சாப்பாடு பிடிக்கலை போல' என்று நினைத்து சுவர்க்கோழியை உள்ளேயே விட்டுவிட்டேன். ஈரமும் மென்மையுமாய் உரிந்து வெளியே வந்ததை அது கடித்துவிட்டது. பசிக்காத பூச்சியின் கூட்டில் தீனியை விட்டு வைப்பதும் ஒரு விதத்தில் நஞ்சுதான்.

மிஞ்சிய ஒன்றுக்கு என்ன கொடுப்பது என்று கூடத்து அக்காவிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, தினமும் இங்க கொட்டறதை விட்டுட்டு எங்கெங்கயோ அலையறே?" என்றார். முட்டையிடும் கூண்டில் 4 நாள் வைத்த அந்துகளை நாங்கள் வெளியே எறிவோம். தோட்டத்து மருந்தே படாமல், என் கண்ணெதிரே, கம்பு தின்று வளர்ந்தவை! பறந்து படபடத்தால்தான் கும்பிடுபூச்சி கவனிக்கும், அதற்கும் தோது. முட்டை போட்டு முடித்த பெண் அந்து வெறும் சக்கை என்பதால் கேட்டு, புதிதாக வந்தவற்றிலும் நாலைந்து எடுத்துக்கொண்டேன். புழுவைக் கொடுக்கவில்லை. அது கந்தகம் கலந்த தீனிக்குள்ளேயே புரள்வது.

முதல் அந்தை விட்டதும் கும்பிடுபூச்சி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அசையவில்லை. இரண்டாவது முறை அந்து சிறகடித்தபோது கால் எப்போது நீண்டது என்றே தெரியவில்லை. உடம்பைத் தின்றுவிட்டு நாலு சிறகையும் ஒவ்வொன்றாகக் கீழே போட்டது. மறுநாள் அந்தச் சிறகுகளைக் கூட்டும்போது எனக்குத் தும்மல் வந்தது. வீட்டிலும் முகக்கவசம் போடும்படி ஆகிவிட்டது.