புடலை பிடித்துவிட்டது (ராத்திரி டூட்டி பார்த்ததற்குக் கூலி)

கொடியில் இப்போது முழம் தாண்டித் தொங்குவது மட்டும் நான்கு. அதன் பின்னால் பிஞ்சு வரிசை கட்டி நிற்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமல் வேறு எதைச் சொல்வது?

ஆடிப்பட்டத்தில் போட்ட கொடி. மாடியில் 24 இன்ச் செடிப் பை, மண்கலவை எல்லாம் வழக்கம்போலத்தான். ஆண்பூ முதலில் கொத்துக்கொத்தாக வந்தது, பெண்பூவும் தாராளமாக வந்தது. ஆனால் பிஞ்செல்லாம் சுண்டுவிரல் அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்தது. போரான் சத்து பற்றாக்குறை என்றார் ஒருவர், தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசல் தெளிக்கச் சொன்னார் இன்னொருவர், மீன் அமிலம்தான் தீர்வு என்று சத்தியம் செய்தார் மூன்றாமவர். அத்தனையையும் குடித்துவிட்டுக் கொடி இலை இலையாகப் போட்டதே தவிர, ஒரு காய் நிற்கவில்லை.

சத்தில் குறை இல்லை, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் சேர்க்க ஆள் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். பூசணியும் பாகலும் காலையில் பூக்கிறவை, தேனீ பார்த்துக்கொள்ளும். பீர்க்கையும் சுரையும் சாயங்காலம். புடலை பொழுது நன்றாக இறங்கிய பிறகே நூல்நூலான அந்த வெள்ளை இதழை விரிக்கும். அதற்கு வரவேண்டியது அந்துப்பூச்சி. எங்கள் தெருவில் அதெல்லாம் புது எல்இடி கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

ஆகவே சாப்பிட்டு முடித்ததும் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு மாடிக்கு நானே போக ஆரம்பித்தேன். கீழ்வீட்டுப் பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. "ராத்திரியில செடியத் தொடாதம்மா, தூங்குது." "தூங்குறது கத்தரி, பாட்டி. இது இப்பத்தான் முழிச்சிருக்கு" என்றேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். பூசணிக்குச் சொல்லும் பிரஷ் வித்தை புடலையில் எடுபடவே இல்லை. ஓவிய பிரஷ், காது குடையும் பட்ஸ் எல்லாம் வீண். ஆண்பூவுக்கு ஒல்லியாக ஒரு குழல் இருக்கிறதல்லவா, மகரந்தம் அதன் தொண்டையில் உட்கார்ந்திருக்கும். பிரஷ்ஷை விட்டால் ஓரத்து நூல்தான் சிக்கிக்கொண்டு வரும். பூவைக் காம்போடு பறித்து, குழலை நகத்தால் நெடுக்கக் கிழித்து, வெள்ளை இதழை மொத்தமாக உரித்துவிட வேண்டும். நடுவில் மஞ்சளாக ஒரு சின்ன மொட்டு மிஞ்சும். அதைப் பெண்பூவின் வாயில், மகரந்தம் ஏற்கும் சூல்முடி மூன்றிலும் படுகிற மாதிரி, மெதுவாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் பெண்பூ கழுத்தோடு ஒடியும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ செலவழிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. கொத்தில்தான் வேண்டிய மட்டும் இருக்கிறதே.

மழை நாளில் இன்னொரு தொல்லை. நனைந்த மகரந்தம் எதற்கும் ஆகாது. வானம் கறுத்தால், அன்று விரியப்போகும் மொட்டுகளுக்கு, ஆண் பெண் இரண்டுக்குமே, சாயங்காலமே காகிதக் கூம்பு மாட்டிவிடுகிறேன். தேய்த்து முடித்த பூவின் காம்பில் பச்சைக் கம்பளி நூல். நூல் கட்டியதெல்லாம் இரண்டு மூன்று நாளில் பருக்கத் தொடங்கியது. வேண்டுமென்றே தொடாமல் விட்ட பூவெல்லாம் பழையபடி மஞ்சள். போரான் கட்சிக்காரர்கள் கவனிக்கவும்.

பெண்பூ கூடுதலாக வர விவசாயிகள் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி கலந்து, கொடி சின்னதாக இருக்கும்போதே வாரம் ஒருமுறை அடிப்பார்கள். மாடியில் ஒற்றைப் பைக்கு அது தேவையில்லை. நுனி கிள்ளிவிட்டதிலேயே பக்கக் கிளையில் வேண்டிய அளவு வந்தது.

விதை வாங்கிய கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கேட்டது குட்டைப் புடலை, கோவை வேளாண் பல்கலையின் கோ 2 ரகம், ஓரடி வருமே அது. பாக்கெட்டிலும் குட்டை என்றுதான் போட்டிருந்தது. முளைத்தது நெட்டை. என் பந்தல் உயரம் ஆறடி, காய் தரையைத் தொட்டுவிடும்போல் இருக்கிறது. அதே கடையில் பழ ஈக்குப் பொறி கேட்டால், மாங்காய் ஈயை இழுக்க வைக்கும் மெத்தில் யூஜினால் மருந்தை எடுத்து நீட்டுகிறார்கள். பாகல், புடலையில் குத்தும் ஈ அதற்கு வராது; க்யூலூர் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கருவாட்டுப் பொறியும் வைத்துப் பார்த்தேன். ஈ வந்ததோ இல்லையோ, தெருப்பூனை தவறாமல் வருகிறது. இப்போதைக்குப் பிஞ்சுக்குச் செய்தித்தாள் உறைதான்.

தைப்பட்டத்துக்கு இதே பந்தலில் சுரை ஏற்றலாம் என்று இருக்கிறேன். அகலப் பூ, உரிக்கிற வேலை இல்லை, சாயங்காலமே முடித்துவிட்டுக் கீழே வந்துவிடலாம். அதற்கு நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஜல்லியில் சின்னதாக நாலு கல் பொறுக்கி, காய் நுனியில் சணலால் கட்டியாக வேண்டும். மூத்த காய் இப்போதே கொக்கி மாதிரி வளைய ஆரம்பித்துவிட்டது.