காணாமல் போன துளை

"இயர்போனை எங்கப்பா சொருகுறது?" புது போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் அப்பா. துளையே கிடையாது.

2016இல் ஐபோன் 7இல் அதை எடுத்தபோது, ஆப்பிளின் பில் ஷில்லர் மேடையில் சொன்ன காரணம் 'துணிச்சல்'. சரி, உள்ளே இட நெருக்கடி என்பது உண்மைதான். இயர்போனின் 3.5 மி.மீ. முள் முழுசாக இறங்க சுமார் 14 மி.மீ. ஆழம் வேண்டும், பேட்டரிக்கும் கேமராவுக்கும் அது பெரிய இடம். ஆனால் அதே மேடையில்தான் 159 டாலர் ஏர்பாட்ஸ் என்ற வயரில்லா இயர்போனையும் காட்டினார்கள். நான் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவேன். இதைக் கேலி செய்து விளம்பரம் போட்ட சாம்சங்கும் 2019இல் நோட் 10இல் துளையை அடைத்துவிட்டது.

அப்பாவின் பழைய இயர்போன் (ஒரு காதில் மட்டும்தான் கேட்கும்) இன்னும் சட்டைப் பையில் சுருண்டு கிடக்கிறது.